ஆபுத்திரன் கைவிட்ட கலம்

மணிமேகலைக் காப்பியத்தின் கிளைக்கதைகளுள் ஆபுத்திரன் வரலாறு தனிநிலையுடையது. பதின்மூன்றாங் காதையிலும் பதினான்காங் காதையிலும் அறவணவடிகள் வாய்மொழியாக விரிந்து, பதினைந்தாங் காதையின் முற்பகுதியிலும் தொடர்ந்து, பின்னர் இருபத்துநான்கு, இருபத்தைந்தாம் காதைகளில் மீண்டும் தலைகாட்டுவது. முப்பது காதைகளே உடைய ஒரு நூலில் ஐந்து காதைகளில் இடம்பெறும் வரலாற்றைக் கிளை என்று கூறுதல் பொருந்துமோ என்ற ஐயம் எழுதல் இயல்பே. 1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பு வெளிவந்த நாள் தொட்டு இந்நூலைப் பயில்வோர், இக்கதையை அமுதசுரபியின் வரலாறு என்ற அளவில் கொண்டு, கலம் மணிமேகலை கைக்கு வந்த பின்னர் ஆபுத்திரனை மறந்துவிடுகின்றனர். 1988இல் கிளைக்கதைகளைத் தனிநோக்கோடு ஆராய்ந்து நூல் வெளியிட்ட பௌலா ரிச்மன் போன்றோர் அவற்றின் சமயப் பயனை விளக்கினர். யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது சமயப் பயன் அன்று. ஒரு மனிதன் தன் வழி அற்றுப்போன இடத்தில் என் செய்தான் என்னும் வினா.

அவ்வினாவின் கூர்மை மணிபல்லவத்தில் உள்ளது. அள்ள அள்ளக் குறையாத உணவுக்கலம் ஒருவன் கையில் இருக்கின்றது. அவன் பசியால் இறக்கின்றான். இது ஏன்? இப்பகுதியைப் பாடம் சொல்லும்போது மாணவர் இதனைக் கேளாத ஆண்டில்லை. ‘அறத்தின் எல்லை’ என்று விடை கூறி அமைதல் எளிது. அவ்விடை மாணவர்க்கு நிறைவளிப்பதில்லை, எமக்கும் நிறைவளித்ததில்லை. உண்ண மறுத்தது அறமாயின், அவ்வறத்தால் எவ்வுயிர்க்கு நன்மை விளைந்தது? வாழ வழியின்மையால் நேர்ந்த சாவுக்கு அறம் என்ற பெயர் சூட்டினாரோ சாத்தனார்? இவ்வினாவை எதிர்கொள்ளாத ஆராய்ச்சி பாராட்டுரையாக முடியும்.

ஆபுத்திரன் வாழ்க்கை, எதிர்பாராத திருப்பங்களால் ஆயது. வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகன் என்பானின் மனைவி சாலி, காப்புக் கடந்தமையால் தண்டம் அஞ்சிக் குமரியாட வருகின்றாள். வழியில், கொற்கைக்கு அப்பால் ஆயர் இருக்கைக்கு அருகே பெற்ற மகவை மறைவான தோட்டத்தில் இட்டு நீங்குகின்றாள். ஏழு நாள் ஓர் ஆ பாலூட்டிக் காக்கின்றது. வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் கண்டெடுத்து வளர்த்துக் கலை பயிற்றுகின்றான். அவ்வூரில் வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த ஆவைக் கண்டு இரங்கி இரவில் அதனை விடுவித்து உடன்கொண்டு செல்லும்போது பிடிபடுகின்றான், அடியுண்கின்றான், பிறப்பின் இழிவு ஊரறிய உரைக்கப்படுகின்றது, வளர்த்த தந்தையும் கைவிடுகின்றான். ஆத்திருடன் என்று அந்தணர் ஊர்களில் அவன் பிச்சைக்கலத்தில் கல் இடுகின்றனர். இவற்றை விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைக் குறித்தல் வேண்டும். பிறப்பைப் பழித்தபோது ஆபுத்திரன் நகைக்கின்றான். முனிவர் பலர் பிறப்பை எடுத்துக்காட்டி விடையிறுக்கின்றான். பின்னர் இந்திரன் எதிர்வந்து நின்றபோதும் விலாவிற நகைக்கின்றான். சாத்தனார் படைத்த மாந்தருள் இவ்வாறு நகைக்கவல்லான் பிறன் இலன் என்றே கூறலாம். அந்நகை எவ்விடத்தில் அவனை விட்டு நீங்கிற்று என்று நோக்குவார்க்கு இக்கதையின் உள்ளோட்டம் புலனாகும்.

தென்மதுரைக்கு வந்தவன் சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்குகின்றான். வீடுதொறும் ஐயம் ஏற்றுவந்து, குருடர், செவிடர், முடவர், பேணுநர் இல்லார், நோயுற்றோர் அனைவரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஏற்ற ஓட்டையே தலையணையாக வைத்து உறங்குகின்றான். கல் விழுந்த கலத்தில் இப்போது பிறர்க்கான சோறு விழுகின்றது. இந்நிலை அமுதசுரபி கிடைக்கும் முன்பே அமைந்துவிட்டது என்பதை ஆராய்ச்சியாளர் போதிய அளவு வற்புறுத்தவில்லை. கலம் பெற்றதால் அறம் தொடங்கினான் அல்லன்; அறம் தொடங்கியிருந்தமையால் கலம் பெற்றான். இருள் செறிந்த நள்ளிரவில் வழிநடந்து வருந்தி வந்தோர் உணவு கேட்க, கொடுக்க ஒன்றும் இல்லாது அவன் வருந்தியபோதே சிந்தாதேவி தன் கைக்கலத்தை நல்குகின்றாள். அதுகாறும் அவன் இரந்து ஈந்தான். இனி இரவாது ஈவான். மேலோட்டமாக நோக்கின் இஃது ஏற்றமே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏற்கும் ஓடு அவனை ஊரார் ஒவ்வொருவர் வாயிலுக்கும் கொண்டு சென்றது; அமுதசுரபியோ அவனை அம்பலத்திலேயே இருத்திற்று. முன்னர் இட்டோரையும் உண்டோரையும் இணைத்து நின்றவன், இப்போது உண்போரை மட்டும் எதிர்நோக்கி இருப்பவனாயினான். சாத்தனார் இதனை வெளிப்படக் கூறவில்லை. பின் நிகழ்வன கொண்டு யாம் உய்த்துணர்வது இது.

பின் நிகழ்ந்தது மழை. இந்திரனது பாண்டுகம்பளம் அசைய, அவன் முதிய அந்தணன் வடிவில் வந்து ஆபுத்திரனுக்கு அறப்பயன் அளிக்க முன்வருகின்றான். கொடுப்போரும் காப்போரும் இல்லாது நுகர்வோர் மட்டுமே உள்ள நாடு உன் நாடு என்று ஆபுத்திரன் அதனை நகைத்து மறுக்கின்றான். வெகுண்ட இந்திரன், பன்னிரண்டு ஆண்டு மழை வறந்து கிடந்த பாண்டிநாட்டில் மழை பெய்விக்கின்றான். உலக இலக்கியங்களில் தேவர் சினந்தால் இடி விழும், தீ எழும், ஊர் அழியும். ஈண்டுச் சினத்தின் வடிவு செழிப்பு. நாடு முழுவதற்கும் வாழ்வாக வந்த மழை ஒருவனுக்கு மட்டும் தண்டமாகின்றது. தமிழ்க் காப்பியங்களில் இதனினும் நுட்பமான முரண் உண்டென யாம் அறியோம்.

பசித்தோர் உண்ட அம்பலத்தில் விடரும் தூர்த்தரும் சூதாடுவோரும் கூடுகின்றனர். ஆபுத்திரன் வெளியேறி ஊர்தொறும் சென்று உண்பார் உளரோ என வினவுகின்றான். இவன் யாவன் என்று மக்கள் இகழ்கின்றனர். பெருஞ்செல்வத்தைக் கடல்கொள்ளத் தனியனாய்த் திரியும் ஒருவனைச் சாத்தனார் ஈண்டு உவமை காட்டுகின்றார். இவ்வுவமையை யாம் விரைந்து கடத்தல் ஆகாது. நாட்டிற் பசி நீங்கியதை எண்ணி மகிழ வேண்டியவன், செல்வம் இழந்தவனுக்கு ஒப்பாக்கப்படுகின்றான். அவன் இழந்தது யாது? கலம் கையில் உள்ளது, ஆற்றல் குறையவில்லை, உடல் நலிவும் இல்லை. இழந்தது, தான் வேண்டப்படுதல் என்னும் ஒன்றே. பொருட்பற்றையும் உடற்பற்றையும் முன்னரே துறந்த ஒருவனிடம், தன் அறத்தின் மேலேயே எஞ்சி நின்ற பற்றினைப் புலவர் தொட்டுக் காட்டுகின்றார் என்பது எம் கருத்து. இது குற்றச்சாட்டு அன்று. நெடுநாள் ஆற்றிய தொண்டு ஒருநாள் வேண்டாததாகிவிடும்போது நல்லார்க்கு நேரும் வெறுமையே இது. ஆபுத்திரனின் நகை இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. இதன்பின் காப்பியம் முடியும்வரை அவன் நகைத்ததாக ஒரு குறிப்பும் இல்லை.

சாவகநாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று வங்கத்தில் வந்தோர் கூறக் கேட்டு, அங்குச் செல்லத் துணிகின்றான். வழி மீண்டும் திறந்ததாகத் தோன்றுகின்றது. காற்று மாறுபட்டமையால் கலம் மணிபல்லவத்தில் பாய் இறக்கி ஒருநாள் தங்க, அவன் இறங்குகின்றான்; அவன் ஏறிவிட்டான் என்று கருதி மரக்கலம் இரவில் செல்கின்றது. இங்குப் பகைவர் எவரும் இலர். கல் இட்டோர் பகைமையால் இட்டனர். இந்திரன் சினத்தால் பெய்வித்தான். வங்கத்தார் செய்ததோ வெறும் கவனக்குறைவு. அவன் வாழ்க்கையின் பெருந்திருப்பங்களுள் யாரையும் நோகவியலாத திருப்பம் இஃது ஒன்றே. அதுவே இறுதியுமாகின்றது.

ஆளில்லாத் தீவில் அவன் எண்ணுவது இது: பல்லுயிரைக் காக்கும் இக்கலத்தை வைத்துக்கொண்டு என் ஒருயிரை மட்டும் ஓம்புதல் ஆற்றேன். மாணவர் வினாவுக்கு விடை இவ்வெண்ணத்தில் உளது என்பர். யாமோ, விடை அடுத்த செயலில் உளது என்போம். வெறும் கையறவே அவனை ஆட்கொண்டிருந்தால் கலத்தை எறிந்திருப்பான். அல்லது பக்கத்தில் வைத்துக்கொண்டே இறந்திருப்பான். அவன் கலத்தைத் தொழுது கோமுகிப் பொய்கையில் விடுகின்றான். விடும்போது ஆண்டுக்கு ஒருநாள் வெளித்தோன்றுக என்கின்றான். அருளறம் பூண்டு உயிர் காப்பார் எவரேனும் வந்தால் அவர் கையில் சேர்க என்கின்றான். ஒவ்வொரு சொல்லும் எதிர்காலத்தை நோக்கியது. ஆளில்லாத தீவு, எனினும் ஒருவர் வருவர். வருவார் யாரென்று தெரியாது. எனினும் எத்தகையார்க்கு உரியதென வரையறுக்கலாம். எந்நாள் என்று தெரியாது. எனினும் ஆண்டுக்கு ஒருநாள் என்று முறை வகுக்கலாம். தன் வழி முற்றும் அடைபட்ட ஒருவன், தான் காணப்போகாத ஒருவர்க்காகக் காலமுறை அமைத்துச் செல்கின்றான். நம்பிக்கை என்று யாம் வழங்கும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த செயல்வடிவு வேண்டுமோ?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். எல்லாம் வினைப்பயன், வருவது முன்னரே உணர்த்தப்படும் என்னும் பௌத்தக் காப்பியத்தில் எதிர்பாராமை என்பதற்கே இடம் உண்டோ என்பர். கந்திற்பாவை வருவது உரைக்கின்றது. தெய்வங்கள் பழம்பிறப்பு உணர்த்துகின்றன. உண்மையே. ஆயினும் மணிபல்லவ மணலில் நிற்கும் ஆபுத்திரனுக்கு எத்தெய்வமும் தோன்றவில்லை. பழம்பிறப்பு உணர்த்தும் புத்தபீடிகை அத்தீவிலேயே உளது. அவன் அதனைக் கண்டதாகக் காப்பியம் கூறவில்லை. கூறாமை தற்செயலானது என்று யாம் கருதவில்லை. மணிமேகலைக்கும் புண்ணியராசனுக்கும் கிடைத்த அறிவு இவனுக்கு மறுக்கப்பட்டது; அறியாமலே நம்ப வேண்டியவனாக அவன் விடப்பட்டான்.

அவன் உண்ணாநோன்பில் உயிர் நீங்கும் வேளையில் அறவணவடிகள் அங்கே செல்கின்றார்; என்ன நேர்ந்தது என வினவுகின்றார்; அவன் தனக்கு நேர்ந்தன பலவும் எடுத்துரைக்கின்றான். இச்சிறு நிகழ்ச்சியைக் கதை தொடர்வதற்கு வேண்டிய உத்தி என்று தள்ளுவாரும் உளர். கதைசொல்லிக்குச் சான்று வேண்டும். அதனால் அடிகள் அங்கே சென்றார் என்பர். அஃது அவ்வளவே என்று யாம் ஒப்போம். வயனங்கோட்டில் அவன் வரலாற்றைச் சொன்னவன் வேறொருவன்; குமரியில் சாலியைக் கண்டு அவள் வாய்க் கேட்டதைப் பழித்துரையாக்கி அவனை ஊரைவிட்டு ஓட்டுதற்குப் பயன்படுத்தியவன். தன் வாழ்க்கையைத் தன் வாயால், கேட்க விரும்பிய ஒருவர்க்கு, ஆபுத்திரன் சொன்னதாக அறவணர் குறிப்பது மணிபல்லவத்தில்தான். அடிகள் கேட்டதனாலேயே மணிமேகலை கேட்டாள். மணிமேகலை கேட்டதனாலேயே யாமும் கேட்கின்றோம். கலம் பொய்கையில் தங்கிற்று. கதை ஒருவர் நெஞ்சில் தங்கிற்று. இரண்டும் அவளிடம் வந்து சேர்கின்றன.

இனி, அதே மணலில் விழிப்பவள் மணிமேகலை. ஆபுத்திரன் இரவில் விடப்பட்டான். இவள் இரவில் துயிலும்போது மணிமேகலா தெய்வத்தால் கொணரப்பட்டாள். இருவர்க்கும் துணை இல்லை. திரும்பும் வழி இல்லை. உவவனத்தின் ஒருபுறமோ இது என மயங்கிச் சுதமதியைக் கூவி, வெட்டுண்ட தந்தையை நினைந்து அவள் அழும் பகுதி எட்டாங் காதை. கோவலன் மகள், மாதவி மகள், அரசிளங்குமரன் விரும்பும் ஆடற்கணிகை என்னும் அடையாளங்கள் அனைத்தும் ஒரே இரவில் பொருளற்றுப் போகின்றன. பின்னர்ப் பீடிகை காண்கின்றாள், பிறப்பு உணர்கின்றாள், தெய்வம் மந்திரம் அளிக்கின்றது.

அம்மந்திரங்களின் பயனை ஆபுத்திரன் கதையோடு வைத்து நோக்குக. வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசி அறுத்தல் என்பன அவை. ஆபுத்திரனைக் கொன்றவை யாவை? கடல் கடக்கக் கலமின்மை ஒன்று. தன் பசியைத் தணிக்க மனம் ஒப்பாமை மற்றொன்று. வான்வழிச் செலவு பெற்றாளை எந்த வங்கமும் விட்டுச் செல்லவியலாது. தன் பசியை மந்திரத்தால் வென்றாள், பிறர்க்குரிய கலத்தில் தான் உண்பதா என்ற நெருக்கடிக்கு ஆட்படாள். கலம் கைக்கு வருவதற்கு ஒரு காதை முன்னரே இவ்விரண்டும் அவளுக்கு அளிக்கப்படுகின்றன. பத்தாங் காதையில் மருந்து தரப்படுகின்றது. அது தீர்க்கும் நோய் இன்னதென்று பதினான்காங் காதையிலேதான் தெரியவருகின்றது. முதல்முறை பயில்வார்க்கு மந்திரங்கள் வெறும் வியப்புப் பொருள்கள். மறுமுறை பயில்வார்க்கு அவை ஒரு மனிதன் இறந்த இடத்தில் மற்றொருவர் இறவாமைக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். வேற்றுருக் கொள்ளும் ஆற்றல் மட்டும் இக்கணக்கில் அடங்காது. காயசண்டிகை வடிவு கொண்டதால் உதயகுமரன் வெட்டுண்டதை நினைப்பார்க்கு, அது நன்மைக்கு வந்ததா என்ற ஐயமும் எழும். அதனை வேறிடத்தில் ஆராய்தல் தகும்.

கலம் கிடைத்தது, எனினும் அது உடனே சுரந்துவிடவில்லை. முதற்பிச்சை கற்புடையாள் ஒருத்தி இடவேண்டும். தீராப்பசியால் வாடும் காயசண்டிகையே ஆதிரையின் இல்லத்தைச் சுட்டுகின்றாள். ஆதிரை யார்? அவள் கணவன் சாதுவன் பொருளைப் பரத்தைக்கு இழந்து, பின் வாணிகம் கருதிக் கடல் சென்று, மரக்கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்தவன். அவன் இறந்தான் என்று தப்பி வந்தோர் கூற, ஆதிரை தீப்புகுகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. தீயும் சுடாத பாவியேன் என் செய்வேன் என்று அவள் அரற்றுவது, சாகும் வழியும் அடைபட்டாரின் குரல். கணவன் உயிரோடு உளன், சந்திரதத்தன் வங்கத்தில் வருவான் என்று வானொலி கூறிய பின் அவள் வீடு திரும்பி, அவன் வருமளவும் அறம் செய்து வாழ்கின்றாள். மறுகரையில் சாதுவனைக் காத்ததோ நாகர் மொழியறிவு. கொன்று தின்ன வந்தோரிடம் அவர் மொழியில் பேசியதால் அவன் பிழைத்தான். ஆக, கடலால் கைவிடப்பட்டு இறந்த ஒருவனது கலத்தில், கடலால் கைவிடப்பட்டும் மீண்ட ஒருவனின் மனைவி முதற்சோறு இடுகின்றாள். கற்பு என்னும் ஒரு தகுதி கருதியே ஆதிரை தேர்ந்தெடுக்கப்பட்டாள் என்று கொள்வது பொதுவழக்கு. கற்புடைய மகளிர் புகாரில் வேறெவரும் இலரோ? ஆபுத்திரன் கலத்தை நிறைத்தற்கு ஆதிரைக்கு உள்ள உரிமை அவள் காத்திருந்த காத்திருப்பு என்று யாம் கொள்வோம்.

ஆபுத்திரனோ சாவகத்தில் ஓர் ஆவின் வயிற்றில் மீண்டும் பிறந்து, பூமிசந்திரன் மகனாக வளர்ந்து, புண்ணியராசன் என்னும் பெயரோடு ஆள்கின்றான். அவன் பிறந்தபின் அந்நாட்டில் மழை பொய்த்ததில்லை. முற்பிறப்பில் அவனுக்கு மழை பகை. இப்பிறப்பில் மழை அவனது வருகையின் அடையாளம். எந்நாட்டுப் பசியைப் போக்கக் கலம் ஏறினானோ அந்நாட்டின் பசி அவன் பிறந்ததனாலேயே போயிற்று. கலத்தோடு ஒவ்வொருவர் பசியாகத் தீர்த்தவன், பசியே தோன்றாத நாட்டின் அரசனானான். உண்பார் உளரோ என்று கேட்டுத் திரிந்தவனின் வெறுமைக்குச் சாத்தனார் தரும் விடை இதுவே போலும்.

இருபத்தைந்தாங் காதையில் அவன் மணிபல்லவம் வருகின்றான். பீடிகை பிறப்புணர்த்துகின்றது. தீவதிலகை காட்ட, மணலை அகழ்ந்து தன் பழைய உடம்பின் என்பைத் தானே காண்கின்றான். அதனருகே ஒன்பது செட்டிகளின் என்பும் உள்ளன. அவனை மறந்து சென்ற வங்கத்தார் அவர். மறந்தமை உணர்ந்து தேடி மீண்டு வந்து, அவன் இறந்தமை கண்டு அங்கேயே உயிர்விட்டவர். இச்செய்தியைப் பதினான்காங் காதையிற் கூறாது ஈண்டுக் கூறியமை நோக்கத்தக்கது. ஆபுத்திரன் இறக்கும்போது அவனுக்குத் தெரியாத ஒன்று இது: தன்னை விட்டுச் சென்றோர் திரும்பி வந்துகொண்டிருந்தனர். இன்னும் சில நாள் கலத்தில் உண்டு உயிர் தாங்கியிருப்பின் சாவகம் சென்றிருப்பான். மாணவர் வினா இங்கு மீண்டும் முழுவலிமையோடு எழுகின்றது. புலவரே அதனை எழுப்புகின்றார். உண்ணாமையை அறத்தின் எல்லை என்று மட்டும் புகழ்ந்து செல்வார்க்கு இவ்வொன்பது என்புக்கூடுகளும் தடையாகக் கிடக்கின்றன. சாத்தனார் தம் தலைமகனின் சாவை முழுதும் சரியென்று கூறினார் என யாம் துணியோம். அவனது வேண்டுகோளைப் பலிக்கச் செய்தார். அவன் முடிவின் விலையை மணலில் இட்டுக் காட்டினார். இரண்டையும் ஒருங்கே கொள்ளுதலே நேரிய படிப்பு.

தன் என்பு கண்டு மயங்கி நின்ற மன்னனை மணிமேகலை வினவும் வினா, அன்று இறக்கும் நிலையில் இருந்த ஆபுத்திரனை அறவணவடிகள் வினவிய அதே வினா: உனக்கு என்ன நேர்ந்தது? அன்று கேட்டவர்க்கு அவன் கதை கூறினான். இன்று கேட்டவள் விடையை எதிர்பார்க்கவில்லை. அவனை அங்கு அழைத்ததன் காரணத்தைத் தானே கூறுகின்றாள். நாடாளும் நீ அறம் பூண்டால் பிறர் திருந்துதல் எளிது என்று உணர்த்தி, எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறையுளும் அளித்தலே அறம் என்கின்றாள். துறவை விரும்பிய அரசனை அவள் துறவுக்கு அழைக்கவில்லை, தன்னைப் போல் கலம் ஏந்தவும் சொல்லவில்லை, அரசாட்சிக்கே திருப்புகின்றாள். பின் அவள் வஞ்சி நோக்கி வான்வழி எழுகின்றாள். அவன் சாவகத்துக்குக் கலம் ஏறியதைப் புலவர் விரித்துப் பாடவில்லை; மணிபல்லவத்துறையில் இம்முறை வங்கம் அவனுக்காகவே நிற்கின்றது.